கலங்கள் உதிர்க்கும் நுண்பைகள்

நம் உடலிலுள்ள கலங்கள் தம்மைச் சூழ்ந்த நீர்மத்தினுள் மிக நுண்ணிய பைகளை ஓயாது வெளிவிடுகின்றன. மென்சவ்வால் மூடப்பெற்ற இப்பைகளுட் சிறியவற்றின் குறுக்களவு ஏறக்குறைய 30 முதல் 150 நனோமீற்றர் வரையாகும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நனோமீற்றர் எனப்படும்.

1967ஆம் ஆண்டில் பீற்றர் வுல்வ் என்பார் குருதிச் சிறுதட்டுகள் உதிர்த்த இத்தகைய பொருளைத் 'தூசி' என்றே குறித்தார். 1983இல் கனடாவில் றோஸ் ஜோன்ஸ்ரன் அம்மையாரின் குழுவினர், முதிர்ந்துவரும் செங்குருதிக் கலம் தனக்கு வேண்டாத புரதத்தை இப்பைகளில் இட்டு வெளியேற்றுவதைக் கண்டனர். 2007இல் சுவீடன் அறிஞரோ, இவை ஆர்.என்.ஏ.யை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏந்திச் செல்வதைக் காட்டினர். குப்பையென எண்ணப்பட்டது தூதாயிற்று. புற்றுநோய்க் கலம் விடுத்த தூதைக் குருதியிற் கண்டால், உடலைக் கீறாமலே நோயை அறியலாம் என்ற நம்பிக்கையும் பிறந்தது.

ஆயின் இப்பைகளைப் பிரித்தெடுப்பது எங்ஙனம்?

மிகப் பழகிய வழி சுழற்சியாகும். புவியீர்ப்பைப்போல் 300 மடங்கு விசையிற் சுழற்றினாற் கலங்கள் அடியிற் படியும். 2,000 மடங்கில் இறந்த கலங்களும், 10,000 மடங்கிற் சிதைவுகளும் பெரிய பைகளும் நீங்கும். எஞ்சிய நீர்மத்தை 1,00,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகச் சுழற்றினாலே நுண்பைகள் படியும்.

இரண்டாவது வழியில், துளையுள்ள மணிகள் நிறைந்த குழாயினூடாக நீர்மத்தை வடியவிடுவர். சிறிய புரதங்கள் துளைகளுட் புகுந்து தாமதிக்கும். புகமாட்டாத பைகள் முன்னதாக வெளிவரும். அரிதட்டிற் சிறியது முந்தும். இங்கோ பெரியது முந்துகின்றது.

மூன்றாவது வழி, பைகளின் மேற்பரப்பிலுள்ள குறித்த புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரியைக் காந்த மணிகளிற் பூசி, அவற்றைக் காந்தத்தால் இழுத்தெடுத்தல். தூய்மை மிகும், ஆனால் அப்புரதம் இல்லாத பைகள் கைநழுவும். பொலியெதிலீன் கிளைக்கோல் சேர்த்து வீழ்படிவாக்குதல் எளிது. எனினும் வேண்டாத புரதங்களும் உடன் வீழும்.

குருதியிற் கொழுப்பைச் சுமக்கும் துணிக்கைகள் இப்பைகளினும் பன்மடங்கு மிக்கவை. அவற்றுட் சில பருமனாலும் வேறு சில அடர்த்தியாலும் பைகளை ஒத்தவை. ஆதலின் எந்தத் தனிவழியும் முற்றிலும் தூயதைத் தருவதில்லை. கலந்துவிட்ட துணிக்கையின் பண்பைப் பையின் பண்பெனக் கொண்டால், நோயற்றவரை நோயாளியென்றும் நோயாளியை நலமுடையவரென்றும் கூற நேரும்.

இதனாலேயே 2014, 2018, 2023ஆம் ஆண்டுகளில் இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் நெறிமுறைகளை வகுத்தது. பிரித்த முறையை ஒளியாது கூறுக. பிரித்தது பைதானா என ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைகளால் உறுதிசெய்க என்பன அவற்றின் சாரம். தூதின் பொருளை ஆராயுமுன், தூதர் யார் எனத் தெளிதல் வேண்டுமன்றோ?