வாசனைத் தேத்தண்ணி நம்ம வீட்டிலேயே

தேத்தண்ணி ஊத்தத் தெரியாதவங்க தோட்டத்தில் யாராவது இருக்கிறாங்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள். கொழுந்து பறிக்கிற கையும் நம்முடையது, பேக்டரியில் வாட்டி, அரைத்து, சூடு காட்டுகிற கையும் நம்முடையது. ஆனால் அந்தத் தேயிலையை ருசி பார்த்துக் குடிக்கிற பழக்கம் மட்டும் லயங்களில் குறைவு. விடியற்காலையில் கேத்தலில் தூளைப் போட்டுக் கொதிக்க விட்டு, அதையே பத்து மணி வரைக்கும் சுட வைத்துச் சுட வைத்துக் குடிக்கிறோம். கொதிக்கக் கொதிக்கத் துவர்ப்பு ஏறும், வாசனை ஆவியோடு போய்விடும். பிறகு அந்தக் கசப்பை மறைக்கச் சீனியை அள்ளிப் போடுகிறோம்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி தொடங்கியது. ஏலத்துக்குப் போகிற தேயிலையை ருசி பார்க்கிறதுக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு ரொம்பச் சுலபம். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிஷம். சீனி கிடையாது. கரண்டியில் எடுத்து ‘சுர்ர்’ என்று சத்தம் வர உறிஞ்சி, வாய் முழுக்கப் பரவ விட்டு, துப்பிவிடுவார்கள். சத்தம் போட்டுக் குடிக்காதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோம், அங்கே அதுதான் உத்தியோகம்!

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றில் டஸ்ட், மற்றதில் இலைத்தூள், தட்டி எடுத்த ஒரு தேக்கரண்டி வீதம் போடுங்கள். தண்ணி நன்றாகக் கொதித்ததும் ஊற்றி மூடி வையுங்கள். டஸ்டுக்கு 3 நிமிஷம் போதும், இலைத்தூளுக்கு 5 நிமிஷம். வடித்த பிறகு சக்கையையும் பாருங்கள். செம்புக்காசு மாதிரிப் பளிச்சென்று இருந்தால் நல்லது, கறுத்து மங்கியிருந்தால் அவ்வளவு சரியில்லை. டஸ்டில் சாயம் கடுப்பாக இறங்கும், இலைத்தூளில் வாசனை தெரியும். ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரட்டுக் காற்று வீசுகிற காலத்துத் தேயிலைக்குத் தைல வாசம் போல ஒன்று தானாகவே வரும். அதில் யாரும் எதையும் கலக்கவில்லை.

தண்ணியும் ருசியை மாற்றும். ஒரு முறை நம்ம பக்கத்துத் தேயிலையைச் சாகாமத்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டு போனேன். அவங்க கிணற்றுத் தண்ணி கொஞ்சம் சவர். அதே தூள், அதே அளவு, ஆனால் சாயம் கறுத்து, மேலே ஆடை மாதிரிப் படிந்தது. “என்ன மச்சான், பழைய தேயிலையக் கொண்டந்திட்டீங்களா?” என்று கேட்டு விட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போச்சு. பிறகு அவங்களே இஞ்சியைத் தட்டிப் போட்டு, நாலு சொட்டுத் தேசிக்காய் பிழிந்து தந்தார்கள். ஆடை கலைந்து, நிறமும் வெளிறி, அருமையான பிளேன்டீ. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கடைகளில் இஞ்சிப் பிளேன்டீ குடித்தவர்களுக்கு அந்த ருசி தெரியும்.

வாசனைத் தேயிலை என்று பெட்டியில் விற்கிறதும் பெரிய வித்தை இல்லை. ஏர்ள் கிரே என்பது கறுப்புத் தேயிலையில் பேகமொட் என்ற தேசிக்காய் இனத்துப் பழத்தோலின் எண்ணெய் சேர்த்தது. நமக்குக் கறுவாவும் ஏலமும் இருக்கிறது. தேயிலை பக்கத்தில் உள்ள வாசத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்த கறுவாப்பட்டை இரண்டு துண்டோ, தட்டிய ஏலம் நாலைந்தோ தேயிலை டின்னுக்குள் போட்டு இறுக மூடி, ஒரு வாரம் விட்டு எடுத்துப் பாருங்கள். தோடம்பழத் தோலையும் போடலாம், ஆனால் மொறுமொறு என்று காய வேண்டும், ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இஞ்சியை டின்னில் போடாதீர்கள், ஊற்றும்போது தட்டிப் போடுங்கள். இதே குணத்தால்தான் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கும் கருவாட்டுக்கும் பக்கத்தில் தேயிலை வைக்கக் கூடாது என்கிறோம்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரொட்டியோடும் சோற்றோடும் பிளேன்டீ குடிப்பது நம்ம பழக்கம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாமல் தேயிலைச் சாயம் பிடித்துக்கொள்ளும். நம்ம பெண்களுக்கு இரத்தக்குறைவு ஏற்கனவே ஒரு பெரிய பிரச்சினை. பிள்ளைத்தாய்ச்சிகள் கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச் சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குவதை நானே எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அப்படி விழுங்கினால் குளிசையின் பலன் நிறையக் குறைந்து போகும். பச்சைத் தண்ணியோடு விழுங்குங்கள், தேசிக்காய்த் தண்ணி என்றால் இன்னும் நல்லது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். பால் குடிக்கிற பிள்ளைக்குப் பிளேன்டீ கொடுக்கவே வேண்டாம், அழுதாலும் சரி.

மலையில் பத்து மணித் தேத்தண்ணியை யாரும் விடச் சொல்லவில்லை. ரொட்டியை வீட்டிலேயே சாப்பிட்டு விட்டுப் போய், அந்த நேரம் தேத்தண்ணியை மட்டும் குடிக்கலாம். போத்தலில் ஒரு துண்டு கறுவாப்பட்டை போட்டுக் கொண்டு போனால் சீனியும் பாதிதான் தேவைப்படும்.