கலைக்களஞ்சியக் கட்டுரையும் ஆராய்ச்சிக் கட்டுரையும்

பல துறைப் பொருள்களையும் ஒருங்கு தொகுத்து விளக்கும் நூல் கலைக்களஞ்சியம் எனப்படும். தமிழில் இம்முயற்சி புதியதன்று. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. முன்னது தனியொருவர் உழைப்பு. பின்னது அறிஞர் பலர் ஆக்கம். 2003-இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவோ இவ்விரண்டின் வேறாயது. இணையத்தில் அமைந்த அக்களஞ்சியத்தில் எழுதவும் திருத்தவும் யாவர்க்கும் வாய்ப்பு உண்டு. அதன்கண் எழுதப்புகும் தமிழாய்வாளர் அறியவேண்டுவன சில ஈண்டுக் கூறப்படும்.

அச்சிட்ட களஞ்சியத்தில் எழுதியவர்தம் புலமையே கட்டுரைக்குப் பிணையாக நின்றது. இங்கு அப்பிணை இல்லை. பேராசிரியர் எழுதினும் பள்ளி மாணவர் எழுதினும் கட்டுரையைத் தாங்குவது சான்று ஒன்றே. ஏனைய விதிகள் யாவும் இதன் வழிப்பட்டனவே.

முதலாவது, தம் சொந்த முடிபைக் கூறலாகாது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு உயிராவது புதிய முடிபு. களஞ்சியக் கட்டுரைக்கு அதுவே குற்றம். தொல்காப்பியத்தின் காலத்தை எடுத்துக்கொள்வோம். அந்நூல் கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது ச. வையாபுரிப்பிள்ளையின் கருத்து, கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்பது சி. இலக்குவனாரின் கருத்து. களஞ்சியத்தில் எழுதுவோர் இத்தகைய கருத்துக்களை அவரவர் காட்டும் காரணங்களோடு, அறிஞருலகில் அவற்றிற்குள்ள இடத்திற்கேற்ப உரைத்தல் வேண்டும். இரு நூல்களிற் கண்ட செய்திகளை இணைத்து, அவ்விரண்டும் கூறாத மூன்றாவதொன்றை வருவித்தலும் இக்குற்றத்தின்பாற்படும். புதிய முடிபு உண்டாயின், அஃது ஆராய்ச்சி இதழில் முதற்கண் வெளிவருதலே முறை.

இரண்டாவது, கூற்றுக்கு உரியாரைச் சுட்டல். முன்னோர் கருத்தைத் தொல்காப்பியர் ‘என்ப’ என்று குறிப்பார். உரையாசிரியர்கள் ‘என்பாரும் உளர்’ என்பர். அவர்தம் மாணாக்கர், அங்ஙனம் கூறியவர் யாவர் என்பதை ஆசிரியர்பால் கேட்டறிந்திருத்தல் கூடும். இன்று தனித்துப் படிப்பார்க்கு அது போதாது. கூறியவர் யார், எந்நூலில், எப்பதிப்பில், எப்பக்கத்தில் என்பன விளங்குதல் வேண்டும். அந்நூலின் தொடர்களை அவ்வாறே பெயர்த்தெழுதாது, செய்தியைத் தம் நடையில் தருதலும் கடன்.

மூன்றாவது, நடுநிலை. ‘ஒப்புயர்வற்ற’, ‘ஈடிணையில்லாத’ முதலிய அடைகள் வாழ்த்துரைக்கு உரியன. புலவர் ஒருவரின் பெருமை அவர் இயற்றிய நூல்களாலும் பெற்ற மதிப்பீடுகளாலும் புலப்படுதல் வேண்டும். தம் நூலைப் பற்றியும் தம் ஆசிரியரைப் பற்றியும் தாமே எழுதாதிருத்தல் நன்று.

புதியவர் முழுக்கட்டுரை எழுத விரைதல் வேண்டா. மணல்தொட்டி என வழங்கும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுக. பிழைபட்ட ஓர் ஆண்டைத் திருத்துதலும், சான்றில்லாத செய்திக்குச் சான்று தருதலும் நல்ல தொடக்கமாம். ஒவ்வொரு திருத்தத்திற்கும் காரணத்தைச் சுருங்கக் குறிக்க. கட்டுரையின் முந்தைய வடிவங்கள் ‘வரலாறு’ என்னும் பகுதியில் வரிசையாகக் காணக்கிடக்கும். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு கண்டு பழகியார்க்கு இஃது எளிதில் விளங்கும். தாம் எழுதியதைப் பிறர் நீக்கின், மீண்டும் மீண்டும் அதனைப் புகுத்தாது, உரையாடல் பக்கத்தில் சான்று காட்டி வாதிடுக. அங்கே பட்டமும் பதவியும் சான்றாகா.

தம் முடிபை அடக்கி எழுதுதல் புலமைக்கு இழுக்கன்றோ எனின், அன்று. தமக்கு உடன்பாடில்லாத கொள்கையையும் அதற்குரியார் ஒப்புமாறு எடுத்துரைத்தல் புலமையின் கடுந்தேர்வாகும். சங்க நூல் ஒன்றைப் பற்றி ஐயுறும் மாணவர் பலர் இன்று முதலில் நாடுவது இணையத்தையே. கற்றோர் ஒதுங்கி நிற்பின், அம்மாணவர் காண்பது ஆதாரமற்ற கூற்றாகவே முடியும். நூலகத்தில் நூல்களோடு பழகும் ஆய்வாளர், வாரத்திற்கு ஒரு செய்திக்கேனும் பக்க எண்ணோடு சான்று சேர்ப்பாராயின், அதுவே பெருந்தொண்டாகும்.