குறுக்கு வலியும் அப்ளைடு மெக்கானிக்ஸும்

எங்க அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குபவர். ஒருநாள் "குறுக்கு பிடிச்சிக்கிச்சுடா" என்று படுத்தவர், பதினைந்து நாள் பாயை விட்டு எழவில்லை. கூலியும் இல்லை. படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து வலி நீளும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள். நடுவில் மெத்தை போல டிஸ்க். பெரும்பாலும் தசை, தசைநார் பிடிப்பால்தான் வலி. சிலருக்கு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தும். அப்போது வலி பிட்டம் வழியாகக் கால்வரை இறங்கும். இதுவே சயாட்டிகா.

இங்கே நம்ம அப்ளைடு மெக்கானிக்ஸைப் பாருங்கள். விசை × தூரம் = திருப்புத்திறன். 20 கிலோ லேத் சக்கை முதுகெலும்பிலிருந்து 25 செ.மீ.க்குப் பதில் 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால், சுமையின் திருப்புத்திறன் இரண்டு மடங்கு! எனவே முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். இடுப்பைத் திருகாதீர்கள்.

வலி வந்துவிட்டால் வெந்நீர் ஒத்தடம், முடிந்தவரை நடமாட்டம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறையும். வலி மாத்திரையை நாமாக வாங்கி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். கால் வலுவிழந்தால், தொடையிடுக்கு மரத்தால், மலம் சிறுநீர் கட்டுப்படாவிட்டால், காய்ச்சல் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

அப்பா மறுபடி மில்லுக்குப் போகிறார். நாளை நாம் சூபர்வைசர் ஆவோம். "சீக்கிரம் தூக்குப்பா" என்று சொல்லும் முன், தூக்குகிறவர் முதுகையும் கொஞ்சம் நினைப்போம்!