மனச்சோர்வு மாத்திரை மருந்தா, போதையா?

தில்லியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்துக்கடையில் பணியாற்றி வருகிறேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டு வருபவர்களுக்கு இங்குக் குறைவில்லை. சில மாதங்களுக்கு முன், நான் தொலைபேசியில் தமிழ் பேசுவதைக் கேட்ட ஒரு கல்லூரி மாணவன் உரிமையோடு விசாரித்தான்: "அங்கிள், டிப்ரஷன் மாத்திரை நாலைஞ்சு சேர்த்துப் போட்டா ஜிவ்வுனு இருக்குமாமே, நிஜமா?" அவனுக்குச் சொன்னதையே நம் குடும்பத்தினர் அனைவருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிடாலோப்ராம் போன்றவை மூளையிலுள்ள செரட்டோனின் என்னும் பொருளின் மீது செயல்படுபவை. நோயாளிக்கே பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். ஆகவே ஒரே இரவில் உற்சாகம் வராது; குமட்டல், நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவைதான் வரும்.

'ஒன்றும் ஆகவில்லையே' என்று வேறொன்றைச் சேர்க்கும்போதுதான் ஆபத்து முற்றுகிறது. வலி மாத்திரையான டிரமடால், வறட்டு இருமல் மருந்திலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், எக்ஸ்டஸி என்னும் போதைப்பொருள் ஆகியவற்றுடன் கலந்தால் செரட்டோனின் அளவு மீறிப் பெருகலாம். காய்ச்சல், வியர்வை, தசை விறைப்பு, மனக்குழப்பம் எனச் சில மணி நேரத்திலேயே தொடங்கி உயிரையும் பறிக்கக்கூடும்.

அமிட்ரிப்டிலின் என்ற பழைய மருந்து இன்னும் கொடியது. ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் இதைத் தருவதால், பல வீடுகளில் பெரியவர்களின் மேசை அறையிலேயே கிடக்கிறது. அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பும் வரலாம்.

இதனால் இம்மருந்துகளே கெடுதல் என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் இவை பலரை மீட்டிருக்கின்றன. உட்கொள்பவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தவும் கூடாது. தலைசுற்றலும் பதற்றமும் உண்டாகும். இளைஞர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004இல் எச்சரித்தது. 2007இல் அதை 24 வயது வரை விரிவுபடுத்தியது. மருத்துவரின் கண்காணிப்பு அவசியம் என்பது இதனால்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை: மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள், மிஞ்சியதைச் சேர்த்து வைக்காதீர்கள். யாராவது அளவு மீறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மாத்திரை அட்டையோடு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். ஏச்சும் விசாரணையும் பிறகு இருக்கட்டும்.

வேற்றூரில், வேற்று மொழிக்கு நடுவே, விடுதியிலும் பயிற்சி வகுப்பிலும் நம் பிள்ளைகள் தனிமைப்பட்டுப் போவதுண்டு. மாத்திரையைத் தேடும் கை சில வேளைகளில் துணையைத் தேடும் கையாகவும் இருக்கலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைத் தொலைபேசி அருகில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.