செம்பேனும் ஒரு பெயரும்

உயிர்களுக்குப் பெயரிடும் பணியை நம் முன்னோர் சிறுபணியாகக் கருதினாரல்லர். தொல்காப்பியர் மரபியல் என ஓர் இயலையே வகுத்து, எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர், ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது என்று முறைப்படுத்தினார். அறிவின் அளவு கொண்டு உயிர்களை ஆறு வகையாக்கியபோது, சிதலையும் எறும்பையும்கூட அவர் மறந்தாரில்லை. அகநானூற்றின் 14ஆம் பாட்டிலே, செம்மண் வழியில் உதிர்ந்த காயாம்பூவினிடையே ஊரும் ஈயல்மூதாய் பவளத்துக்கு ஒப்பாகிறது. இந்திரகோபம் என்றும் தம்பலப்பூச்சி என்றும் வழங்குவது அதுவே. அதன் தூரத்து உறவாகிய மற்றொரு செவ்வுயிர் நம் மலைநாட்டுத் தேயிலையில் வாழ்கிறது. அதன் பெயரின் வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுந்தேன்.

வேளாண்மை நூல்கள் இதனைச் செம்பேன் என்கின்றன. ஆயின், இது பேனும் அன்று, பூச்சியும் அன்று. பூச்சிக்குக் கால்கள் ஆறு, இதற்கோ எட்டு. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றோடு வைத்து எண்ணத்தக்கது இது. உடலின் நீளம் ஒரு மில்லிமீற்றரிற் பாதிகூட இராது. முன்பாகம் செந்நிறம்; பின்பாகம் கருமை கலந்த சிவப்பு. முதிர்ந்த இலையின் மேற்புறத்தில் நரம்புகளை அண்டி, செந்நிற உருண்டைகளாக முட்டையிடும். வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால்களே உண்டு. தோல் உரித்த பின்னரே எட்டாகும். இது சாற்றை உறிஞ்ச உறிஞ்ச, இலையின் பசுமை மங்கிச் செம்புநிறம் பாயும். வறட்சி நீண்டால் இலை காய்ந்து உதிரும்.

இவ்வுயிரை முதன்முதல் அறிவியல் முறைப்படி வருணித்துப் பெயரிட்டவர் ஜோன் நீட்னர் என்னும் ஜேர்மானியர். அவர் இலங்கையிற் கோப்பித் தோட்டம் நடத்தியவர். கோப்பி மரத்தின் பகைகளைப் பற்றி 1861இல் எழுதிய நூலில் இதற்கு ‘அக்காரஸ் கோப்பியே’ என்று பெயர் சூட்டினார். ‘கோப்பியே’ என்றால் ‘கோப்பியினுடையது’ என்பது பொருள். அந்நாளில் மலைநாடு கோப்பிநாடாக இருந்தது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிலே தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இத்தீவில் வெளிப்பட்டது 1869இல். இருபதாண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. தேயிலை மலைகளை மூடிற்று. செம்பேனோ மடியவில்லை, தேயிலையைத் தனக்கு உணவாக்கிக்கொண்டது.

பின்வந்த ஆய்வாளர் அதன் முதற்பெயரை மாற்றி, ‘ஒலிகோனிக்கஸ்’ என்னும் வகுப்பில் வைத்தனர். இரண்டாம் பெயரை மட்டும் எவரும் மாற்றவில்லை, மாற்றவும் இயலாது. முதலில் முறையாக இட்ட பெயரே நிற்கும் என்பது அத்துறையின் சட்டம். இட்டவர் பெயரும் ஆண்டும் அதனோடு தொடரும். ஆகவே, தேயிலையில் வாழ்ந்துகொண்டே இவ்வுயிர் கோப்பியின் பெயரைச் சுமக்கிறது. மறைந்த பயிரின் நினைவைக் காக்கும் கல்வெட்டென இப்பெயரைக் கூறலாம் அன்றோ?

இவ்வாறே பூண்டுலோயாவுக்கும் ஒரு பெருமை வாய்த்தது. அங்கே தோட்டத்துரையாக இருந்த ஏர்னஸ்ட் கிரீன் என்பவர், ஊசிபோன்ற வாயாற் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளை இடைவிடாது சேர்த்தார். பின்னாளில் அவர் இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியலாளர் ஆனார். பெரும்பாலும் பூண்டுலோயாவில் திரட்டிய அச்சேகரிப்பைக் கொண்டு, இலண்டனில் கிர்பி என்பவர் 1891இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். தத்துப்பூச்சி வகையொன்றுக்கு ‘பூண்டுலோயா’ என்னும் ஊர்ப்பெயரே முதற்பெயராகவும் அமைந்தது.

அவ்வூரில் வாழ்ந்த மக்களின் நிலை என்ன? கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழி நடந்து மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964இல் இரு நாடுகளின் ஒப்பந்தம் அவர்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. மனிதரையும் பூச்சியையும் ஒப்பிடுவது என் கருத்தன்று. ஏட்டில் முறையாகப் பதிந்த பெயர் நிலைக்கிறது, பதியாதது அலைகிறது என்னும் உண்மையையே சுட்டுகின்றேன்.

மலையகத்துப் பாடசாலையொன்றில் நான் அகநானூறு கற்பித்துக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி செம்பு நிறமேறிய தேயிலை இலையொன்றைக் கொணர்ந்து, “ஐயா, மூதாய் இதுதானா?” என்று வினவினாள். அன்று மாலை அவளுடைய தாயாரைக் கண்டேன். முப்பதாண்டு கொழுந்து பறித்தவர் அவ்வம்மையார். “இது முத்துன எலயிலதான் ஐயா இருக்கும், கொழுந்துக்கு அவ்வளவா வராது. வெயில் காஞ்சா பெருகும். நாலு நாள் மழ அடிச்சா கழுவிக்கிட்டுப் போயிரும்” என்றார். வாழிடம், பருவம், பெருக்கம், அழிவு ஆகிய நான்கும் அவர் கூற்றில் அடங்கியிருந்தன. ஆராய்ச்சி நூல்கள் விரித்துரைப்பதும் இதனையே. உருப்பெருக்கி ஏந்திய கை நூலில் இடம்பெற்றது. கூடை சுமந்த தலை இடம்பெறவில்லை.

தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இதனால் ஒரு கடமை பிறக்கிறது. புதிய விலங்கினம் ஒன்றுக்கு அறிவியற்பெயர் சூட்டும்போது, அப்பெயரை உரோம எழுத்தில் எழுதவேண்டும் என்பது சட்டம். வருணனையை இன்ன மொழியில்தான் எழுதவேண்டும் என்ற கட்டாயம் அச்சட்டத்தில் இல்லை. பலரும் அறிந்த மொழியில் ஒரு சுருக்கமும் சேர்ப்பது நன்று. எனவே, நம் மலையில் நாளை காணப்படும் புதிய செந்நாவாய்ப்பூச்சி ஒன்றைத் தமிழிலே வருணிக்கத் தடையேதும் இல்லை. தடையாக இருப்பது நம் சொற்களஞ்சியத்தின் வெறுமையே. அச்சொற்களோ அகராதியில் இன்றேனும் லயங்களில் உள்ளன. முதியோருடன் அவையும் மறைந்து வருகின்றன.

ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் உள்ள பள்ளிகள் தோறும் ஓர் ஏடு திறப்போமாக. எந்தப் பூச்சி, எந்த இலையில், எந்த மாதத்தில், எத்தனை கால்களோடு காணப்பட்டது என்று மாணவர் எழுதட்டும். தாயாரும் பாட்டியாரும் அதனை எப்பெயரால் அழைத்தனர் என்பதையும், சொன்னவரின் இசைவு பெற்று அவர் பெயரையும் அதன் பக்கத்திலே எழுதட்டும். நீட்னர் தம் பெயரை ஆண்டோடு விட்டுச் சென்றார். நம் அன்னையர்க்கும் அவ்வாறே ஒரு வரி இடம் வேண்டும்.