காற்றுக்கு என்ன வேகம், ஸார்?

என்ஜின் கிடையாது. பெட்ரோல் செலவு இல்லை. இறங்கும்போது தப்பிப்போனால், 'இன்னொரு ரவுண்டு அடிச்சுட்டு வர்றேன்' என்று எகிறவும் முடியாது. கிளைடர் விமானத்தின் ஜாதகம் இதுதான்! சூடாகி மேலே எழும்பும் காற்றில் பருந்து மாதிரி வட்டமடித்து உயரம் சேர்க்கணும். அதைச் செலவழித்துத் தூரம் போகணும். வரவு, செலவு! பி.காம். படித்த எனக்கு இந்த விளையாட்டைப் பிடிக்காமல் இருக்குமா?

கணக்கைப் பாருங்கள். நல்ல கிளைடர் 1 கிலோமீட்டர் உயரத்தைக் கொடுத்து 40 கிலோமீட்டர் தூரம் வாங்கும். காற்று சும்மா இருந்தால்! மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பறக்கையில் 25 கி.மீ. எதிர்க்காற்று வந்தால் 40, 30 ஆகிவிடும். விமானதளம் 35 கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? யாரோ ஒரு விவசாயியின் வயலில்தான் இறங்கணும்.

ஆக, காற்றின் வேகம் தெரிந்தே ஆகணும். 'கையை வெளியே நீட்டிப் பார்த்தா தெரியாதா?' தெரியாது, ஸார்! ஆற்றோடு போகும் படகுக்காரருக்குக் கரையைப் பார்த்தால்தான் ஆற்றின் வேகம் புரியும். வேகம் காட்டும் மீட்டர்கூட, காற்றுக்குள் எவ்வளவு வேகம் என்றுதான் சொல்லும். கண்ணாடிமேல் ஒரு கம்பளி நூல் ஒட்டியிருப்பார்கள். அதுவாவது சொல்லுமா என்றால், விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்பதோடு சரி.

கரையைக் காட்டுவது ஜி.பி.எஸ். வட்டமடிக்கும்போது மீட்டரில் ஒரே வேகம், 100. ஜி.பி.எஸ்.ஸிலோ ஒரு பக்கம் 125, எதிர்ப்பக்கம் 75. கழித்தால் 50, அதில் பாதி 25. காற்று மாட்டிக்கொண்டது! எந்தத் திசையில் 125 காட்டியதோ, அந்தத் திசையில் காற்று போகிறது. ஓரிரு வட்டத்தில் கம்ப்யூட்டரே இதைப் போட்டுக் கொடுத்துவிடும்.

ஆன்டிஸ் பக்கம் வட்டம்கூட வேண்டாம். மலையைத் தாண்டி அலையலையாக எழும் காற்றைப் பிடித்துத்தான் 2018 செப்டம்பரில் அர்ஜென்டினாவில் பெர்லன் 2 கிளைடர் 76,000 அடிக்கு மேல் ஏறியது. இந்த மாதிரி அலையில் காற்றை எதிர்த்து மூக்கை நீட்டினால், மீட்டர் 100 என்னும், ஜி.பி.எஸ். பூஜ்யம் என்னும். கிளைடர் அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம்!

வீடு திரும்பும்போதுதான் வில்லங்கம். வட்டமடித்த உயரத்தில் எடுத்த கணக்கு, கீழே இறங்க இறங்கப் பழசாகிவிடும். அங்கே வேறு காற்று. அதனால் விலை உயர்ந்த கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, கீழே புகைக்கூண்டுப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எட்டிப் பார்ப்பார் பைலட். கூடவே இருநூறு, முந்நூறு மீட்டர் உயரத்தைத் தொடாமல் வைத்திருப்பார். மாசக் கடைசிக்கென்று நாம் பர்ஸில் மடித்து ஒளித்து வைக்கிற நோட்டு மாதிரி!