உங்களுக்குத் தெரியுமா? பாதத்தின் பாரம்
பனிச்சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டிக்கொண்டே ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறுகிறவர்களுக்கு, முதுகிற் சுமக்கும் மூட்டையைக் காட்டிலும், அடிக்கொரு தரம் தூக்கி வைக்கவேண்டிய பாதத்தின் பாரமே பன்மடங்கு சிரமம் தருவதென்பது அனுபவ சித்தம். மோன் பிளாங் ஏறிக் களைத்துப்போன ஃபிரிட்ஸ் பார்தெல் என்னும் ஆஸ்திரியர், 1980-களில், பூட்ஸைப் பலகையோடு பிணைத்துவந்த கனத்த உலோகச் சட்டத்தையே விலக்கிவிட்டு, பூட்ஸ் முனையின் இருபுறமும் உள்ள சிறு குழிகளை இரண்டு ஊசிமுனைகள் கவ்விப் பிடிக்கும் எளிய பிணைப்பு ஒன்றை அமைத்தார். குதிகாலோடு சட்டமும் சேர்ந்தெழும் பழைய முறை போய், பூட்ஸ் மட்டுமே எழலாயிற்று. இன்றைய பந்தயப் பிணைப்புகளிற் சில, ஒன்று 150 கிராமுக்கும் குறைவு! ஆயினும் இலேசென்ற ஒரே காரணத்துக்காக மெல்லிய பலகையை வாங்குவோர், இறுகிய பனியில் இறங்கும்போது அது நடுநடுங்குவதைக் காண்பர். பனிச்சரிவிற் புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், சிறு மண்வெட்டி ஆகிய மூன்றிலோ எடைச் சிக்கனம் கூடவே கூடாது.